முதல் உயிர் எப்படி வந்தது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் பென்னு என்ற சிறுகோளிலிருந்து கொண்டுவரப்பட்ட மண்ணைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றி வந்தன: பூமியில் முதல் உயிர் எப்படி வந்தது, அதைப் பற்றி விஞ்ஞானிகளுக்கு உண்மையில் என்ன தெரியும்? அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தைக் குறுக்கினால் கெட்டுவிடும்.

கேள்வி: சார், எங்கள் பாடத்தில் மில்லர் சோதனை வருகிறது. ஆனால் அது தவறு என்று எப்போதோ நிரூபித்துவிட்டார்கள், இன்னும் பாடத்தில் வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு யூடியூப் வீடியோவில் சொன்னார்கள். எதை நம்புவது?
– பிளஸ் டூ மாணவி, திண்டுக்கல்

யாரும் ஏமாற்றவில்லை அம்மா. வீடியோவில் சொன்னதில் ஒரு பகுதி சரி, அதிலிருந்து அவர்கள் போன முடிவுதான் தவறு.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 1952-இல் ஸ்டான்லி மில்லர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 22 வயது ஆராய்ச்சி மாணவர். அவருடைய வழிகாட்டி ஹெரால்டு யூரி, 1934-லேயே வேதியியலுக்கு நோபல் வாங்கியவர். ஆரம்பகாலப் பூமியின் காற்றில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி எல்லாம் இருந்திருக்கும் என்பது யூரியின் கணிப்பு. அந்த வாயுக்களை ஒரு கண்ணாடிக் கருவிக்குள் அடைத்து, ஒரு குடுவையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, இன்னொரு குடுவையில் மின்னலுக்குப் பதிலாக மின்பொறியை விடாமல் அடிக்கவிட்டார் மில்லர். தண்ணீர் முதலில் இளஞ்சிவப்பானது, ஒரு வாரத்தில் அடர் சிவப்பாகிக் கலங்கிவிட்டது. அதைப் பிரித்துப் பார்த்தால் கிளைசின், அலனின் என்று அமினோ அமிலங்கள், அதாவது நம் உடம்பின் புரதங்கள் எதனால் ஆனவையோ அதே பொருள்கள். 1953 மே மாதம் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. அதில் யூரி தன் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்றுவிட்டார், சேர்த்தால் பெருமை முழுக்கத் தனக்கே வந்துவிடும், மாணவனுக்கு எதுவும் மிஞ்சாது என்று. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு யூரியை மிகவும் பிடிக்கும்.

இனி ஆட்சேபணைக்கு வருவோம். ஆரம்பகாலக் காற்று பெரும்பாலும் எரிமலை கக்கிய வாயுக்கள்தான், அதில் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் நீராவியும்தான் அதிகம் இருந்திருக்கும், மீத்தேனும் அம்மோனியாவும் அவ்வளவு இருந்திருக்காது என்று பிறகு வந்த புவியியலாளர்கள் சொன்னார்கள். அந்தக் கலவையில் அதே சோதனையைச் செய்தால் அமினோ அமிலம் மிகக் குறைவாகவே கிடைக்கிறது. இது நியாயமான ஆட்சேபணை. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2008-இல் மில்லரின் மாணவர் ஜெஃப்ரி படாவின் குழு, அந்தக் கலவையிலேயே தண்ணீர் அமிலமாகிவிடாமல் பார்த்துக்கொண்டு செய்தபோது அமினோ அமிலங்கள் நன்றாகவே கிடைத்தன. அதே ஆண்டு இன்னொன்றும் நடந்தது. மில்லர் 2007-இல் இறந்துவிட்டார், அவர் 1950-களில் மூடிவைத்த சின்னச் சின்னக் குப்பிகள் அவருடைய பொருள்களுக்குள் இருந்தன. எரிமலைச் சூழலைப் போல நீராவியைப் பீய்ச்சி அடித்துச் செய்த ஒரு சோதனையின் மிச்சம் அவற்றில் இருந்தது, அந்த முடிவுகளை மில்லர் முழுமையாக வெளியிட்டிருக்கவில்லை. புதிய கருவிகளில் வைத்துப் பார்த்தால் 22 அமினோ அமிலங்கள்!

2021-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் இன்னொரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். மில்லரின் கலவையை டெஃப்லான் பாத்திரத்தில் வைத்துச் செய்தால் விளைச்சல் குறைந்துவிடுகிறது. கண்ணாடியின் சிலிக்காவும் வேலை செய்திருக்கிறது. ஆரம்பகாலப் பூமி முழுக்கச் சிலிக்காப் பாறைதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மில்லர் உயிரை உண்டாக்கவில்லை, உண்டாக்கியதாகச் சொல்லவும் இல்லை. உயிரின் கட்டுமானப் பொருள்கள் உயிர் இல்லாமலேயே உருவாகும் என்று காட்டினார். அது இன்றுவரை அசையவில்லை. தேர்வில் தைரியமாக எழுதுங்கள்.

கேள்வி: உயிரிலிருந்துதான் உயிர் வரும் என்று லூயி பாஸ்டர் நிரூபித்துவிட்டாரே? பிறகு எப்படி உயிரற்ற பொருளிலிருந்து உயிர் வந்தது என்கிறார்கள்? அப்படி வந்ததென்றால் இப்போது ஏன் வரவில்லை?
– ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கோவை

நல்ல கேள்வி ஐயா, இரண்டு கேள்விகள்.

அழுகிய இறைச்சியிலிருந்து புழு தானாக வருகிறது என்று பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். 1668-இல் பிரான்செஸ்கோ ரெடி, இறைச்சியைத் துணியால் மூடிவைத்தால் ஈ முட்டையிட முடியாது, புழுவும் வராது என்று காட்டினார். நுண்ணுயிரிகள் மட்டும் தானாக வருகின்றன என்ற நம்பிக்கை அதற்குப் பிறகும் மிச்சமிருந்தது. 1860-களின் தொடக்கத்தில் பாஸ்டர் வளைந்த கழுத்துள்ள குடுவைகளில் கொதிக்கவைத்த குழம்பை வைத்து, காற்று உள்ளே போனாலும் தூசி போகாவிட்டால் அது கெடுவதே இல்லை என்று காட்டியதும் அந்த நம்பிக்கையும் முடிந்தது. பாஸ்டர் காட்டியது இதைத்தான்: இன்றைய உலகத்தில், சில மாதங்களில், ஒரு குடுவைக் குழம்பில் முழு பாக்டீரியா ஒன்று திடீரென முளைக்காது. அதை இன்றும் எந்த விஞ்ஞானியும் மறுப்பதில்லை. ஆக்சிஜனே இல்லாத ஒரு பூமியில், கோடிக்கணக்கான ஆண்டுகளில், பாக்டீரியாவைவிட எத்தனையோ மடங்கு எளிய ஒன்று படிப்படியாக உருவாகுமா என்ற கேள்வியை அவர் குடுவை தொடவே இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு டார்வினே பதில் சொல்லியிருக்கிறார். 1871 பிப்ரவரியில் தன் நண்பர் ஜோசஃப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், அம்மோனியாவும் பாஸ்பரஸ் உப்புகளும் வெளிச்சமும் வெப்பமும் மின்சாரமும் சேர்ந்த ஒரு வெதுவெதுப்பான சின்னக் குட்டையில் ஒரு புரதப் பொருள் உருவாவதாகக் கற்பனை செய்கிறார். இன்று அப்படி ஒன்று உருவானால் உடனே ஏதாவது ஓர் உயிரினம் அதைத் தின்றுவிடும், உயிரினங்களே வருவதற்கு முன்னால் அந்த ஆபத்து இல்லை என்கிறார். இதோடு ஆக்சிஜனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னால்தான் காற்றில் ஆக்சிஜன் கூடத் தொடங்கியது, இந்த மாதிரி மூலக்கூறுகளை அது எளிதில் சிதைத்துவிடும்.

டார்வின் கடிதத்தில் கிசுகிசுத்ததை ரஷ்யாவில் ஒபாரின் 1924-லும் பிரிட்டனில் ஹால்டேன் 1929-லும் தனித்தனியாக ஒரு கொள்கையாகவே எழுதினார்கள். அந்த ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கே வந்துவிட்டார். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வேலை பார்த்து, இந்தியக் குடியுரிமையும் பெற்று, 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானார். நம் பள்ளிகளில் இதைச் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும்.

கேள்வி: பூமியில் உயிர் தோன்றி எத்தனை ஆண்டுகள்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.
– மளிகைக் கடைக்காரர், மதுரை

பூமிக்கு வயது 454 கோடி ஆண்டுகள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில், நுண்ணுயிரிகள் படலம் படலமாகக் கட்டிய ஸ்ட்ரோமட்டோலைட் பாறைகள் இருக்கின்றன. அவற்றின் வயது 348 கோடி, இதுவரை பரவலாக ஏற்கப்பட்ட சான்றுகளில் இதுதான் மிகப் பழையது. கிரீன்லாந்தில் 370 கோடி ஆண்டுப் பாறையிலும் பார்த்ததாகச் சொன்னார்கள், அது வெறும் மடங்கிய பாறைதான் என்று மறுப்பும் வந்தது. இன்று உயிரோடிருக்கும் எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதை எப்போது வாழ்ந்தது என்று மரபணுக்களை ஒப்பிட்டு 2024-இல் ஒரு குழு கணக்குப் போட்டதில் சுமார் 420 கோடி என்று வந்தது. அது கணிப்புதான், பாறைச் சான்று கிடையாது.

கேள்வி: 2001-இல் கேரளாவில் சிவப்பு மழை பெய்தது. அதில் வேற்றுக்கிரக உயிர் இருந்ததாகப் பேசிக்கொண்டோம். உயிர் விண்வெளியிலிருந்துதான் வந்தது என்கிறார்களே, உண்மைதானா அண்ணா?
– நாகர்கோவில் வாசகி

அந்த மழை எனக்கும் நினைவிருக்கிறது. ஜூலை கடைசியில் கோட்டயம் பக்கம் தொடங்கி, செப்டம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்தது. துணியில் கறை பிடித்தது. மகாத்மா காந்தி பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இருவர், அதிலிருந்த துகள்கள் விண்கல்லிலிருந்து வந்த செல்களாக இருக்கலாம் என்று எழுதியதும் உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் அதற்கு முன்பே, 2001-லேயே, திருவனந்தபுரத்தின் புவி அறிவியல் மையமும் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனமும் சேர்ந்து அந்தத் துகள்களை வளர்த்துப் பார்த்திருந்தார்கள். வளர்ந்தது டிரென்டிபோலியா என்ற பாசி. மரப்பட்டையிலும் பாறையிலும் ஆரஞ்சு நிறத்தில் படர்ந்திருக்கும், அந்தப் பக்கம் எங்கு பார்த்தாலும் உண்டு. மழையைச் சிவப்பாக்கியது அதன் வித்துகள். இந்த விஷயம் தீர்ந்துவிட்டது, இனி வாட்ஸ்அப்பில் வந்தால் நம்ப வேண்டாம்.

உயிர் வெளியிலிருந்து வந்தது என்ற கருத்து வேறு விஷயம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஸ்வீடனின் அரீனியஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை எழுதினார். பிறகு ஃபிரெட் ஹாயிலும் கொழும்பில் பிறந்த சந்திர விக்கிரமசிங்கவும் நீண்டகாலம் இதற்காக வாதாடினார்கள். விண்வெளித் தூசியில் கரிமப் பொருள்கள் நிறைய இருக்கின்றன என்று அவர்கள் சொன்னது சரியாகவே போயிற்று. ஃபுளூவும் சார்ஸும்கூட வானத்திலிருந்து விழுகின்றன என்று போனபோது அறிவியல் உலகம் கூட வரவில்லை. என்னைக் கேட்டால், உயிர் முழுதாக வெளியிலிருந்து வந்தது என்ற பதிலில் பெரிய பலன் இல்லை. அங்கே அது எப்படித் தோன்றியது என்று மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும்.

ஆனால் மூலப்பொருள்கள் வெளியிலிருந்து வந்தன என்பது வேறு, அதற்குச் சான்று கையில் இருக்கிறது. 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது, 100 கிலோவுக்கு மேல் பொறுக்கினார்கள். அதை நாசாவில் ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் சிரில் பொன்னம்பெரும. இலங்கையின் காலியில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர். தத்துவத்திலிருந்து வேதியியலுக்குப் போய், உயிரின் தோற்றத்தையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

1970-இல் அந்தக் குழு விண்கல்லுக்குள் அமினோ அமிலங்கள் இருப்பதாக அறிவித்தது. தொட்டவர்களின் கை வியர்வையிலிருந்து ஒட்டியதாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். அமினோ அமிலங்களுக்கு இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என்று இரண்டு உண்டு. பூமியின் உயிர்கள் புரதம் கட்டுவது இடக்கை வடிவத்தை வைத்து மட்டும். விண்கல்லில் இரண்டும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன, பூமியின் புரதங்களில் இல்லாத அமினோ அமிலங்களும் இருந்தன. அப்படியானால் அவை மனிதக் கையிலிருந்து வந்திருக்க முடியாது.

விண்கல் விழுந்த பிறகு எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் சந்தேகம் மிச்சமிருக்கும். அதற்காகத்தான் பென்னு சிறுகோளுக்கே ஒரு விண்கலத்தை அனுப்பி, 2023 செப்டம்பரில் 121.6 கிராம் மண்ணைப் பூமியின் காற்று படாமல் கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரியில் முடிவு வெளியானது: உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14, டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டின் எழுத்துகளான ஐந்து காரங்களும் முழுதாக, அம்மோனியா, ஆவியாகிப்போன உப்புநீரின் படிவுகள். உயிர் இல்லை. உயிருக்கு வேண்டிய சாமான்கள் இருந்தன.

கேள்வி: புரதத்தைக் கட்ட டிஎன்ஏ-வின் குறிப்பு வேண்டும். டிஎன்ஏ-வைப் படியெடுக்கப் புரதம் வேண்டும். எது முதலில் வந்தது? மாணவர்கள் கேட்கும்போது திணறிப்போகிறேன்.
– வேதியியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்

இந்த முடிச்சில்தான் டீச்சர் இந்தத் துறையே பல ஆண்டுகள் சிக்கிக் கிடந்தது. இரண்டும் முதலில் வரவில்லை, இரண்டு வேலையையும் செய்யக்கூடிய மூன்றாவது ஒன்று முன்னால் வந்திருக்கலாம் என்று 1960-களின் கடைசியிலேயே கார்ல் வூஸ், ஃபிரான்சிஸ் கிரிக், லெஸ்லி ஆர்கெல் மூவரும் எழுதினார்கள். அந்த மூன்றாவது ஆர்என்ஏ, டிஎன்ஏ-வைப் போலவே எழுத்துகளின் வரிசையாகக் குறிப்பைச் சுமக்கும் மூலக்கூறு. அப்போது அதற்குச் சான்று எதுவும் இல்லை, வேதிவினையை வேகப்படுத்தும் வினையூக்கி என்றால் புரதம்தான் என்று எல்லாப் பாடநூலும் சொன்ன காலம்.

1980-களின் தொடக்கத்தில் தாமஸ் செக், டெட்ராஹைமினா என்ற ஒரு செல் உயிரியின் ஆர்என்ஏ எந்தப் புரதத்தின் உதவியும் இல்லாமல் தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொள்வதைப் பார்த்தார். சிட்னி ஆல்ட்மன் வேறொரு நொதியில் (உயிர்களுக்குள் வேலை செய்யும் வினையூக்கி), வெட்டும் வேலையைச் செய்வது அதிலுள்ள ஆர்என்ஏ-தான் என்று கண்டார். இருவருக்கும் 1989-இல் நோபல் கிடைத்தது. இதற்கிடையில், 1986-இல் வால்டர் கில்பர்ட் 'ஆர்என்ஏ உலகம்' என்று பெயர் வைத்துவிட்டார்: டிஎன்ஏ-வும் புரதமும் இல்லாமல், ஆர்என்ஏ-வே குறிப்பாகவும் தொழிலாளியாகவும் இருந்த ஒரு காலம்.

எனக்கு இதில் மிகவும் நம்பிக்கை தருவது ரைபோசோம். உங்கள் உடம்பில், என் உடம்பில், குளத்துப் பாசியில், எல்லாவற்றிலும் புரதத்தைக் கட்டுகிற இயந்திரம் அது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அதன் அமைப்பை அணு அணுவாகப் பார்க்க முடிந்தது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் அதன் சிறிய பாகத்தையும், தாமஸ் ஸ்டைட்ஸின் குழு பெரிய பாகத்தையும் தீர்த்தார்கள், ஆடா யோனத் பல ஆண்டுகள் முன்பே இந்த வழியைத் தொடங்கிவைத்தவர், மூவருக்கும் 2009-இல் நோபல். அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று இணைக்கிற அந்த மையத்தைப் பார்த்தால் அங்கே புரதமே இல்லை, முழுக்க ஆர்என்ஏ! புரதங்கள் ஓரத்தில்தான் இருக்கின்றன. உலகத்தின் எல்லாப் புரதங்களையும் இன்றும் ஆர்என்ஏ-தான் இணைத்துக் கொடுக்கிறது என்றால், யார் முன்னால் வந்தது என்று உங்கள் மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

குறையையும் சொல்லிவிடுங்கள். ஆர்என்ஏ எளிதான மூலக்கூறு இல்லை. அதன் எழுத்து ஒவ்வொன்றிலும் உள்ள சர்க்கரையும் காரமும் தனித்தனியாகக் கிடைத்தாலும் இரண்டையும் ஒட்டவைப்பது வேதியியலாளர்களுக்கே பெரும்பாடாக இருந்தது. 2009-இல் மான்செஸ்டரில் ஜான் சதர்லாந்தின் குழு வேறு வழியில் போனது. சர்க்கரை தனி, காரம் தனி என்று செய்யாமல், இரண்டுக்கும் பொதுவான ஓர் இடைப்பொருளைச் சின்ன மூலக்கூறுகளிலிருந்து உருவாக்கி, ஆர்என்ஏ-வின் நான்கு எழுத்துகளில் இரண்டைக் கட்டிவிட்டார்கள். பாஸ்பேட் அதில் வினையூக்கியாகவும் வேலை செய்தது, தேவையற்ற துணைப்பொருள்களைப் புற ஊதாக்கதிர் அழித்துக்கொடுத்தது. எதை எப்போது சேர்ப்பது என்று ஆய்வகத்தில் மனிதர்தான் முடிவு செய்கிறார், குட்டையில் யார் முடிவு செய்வார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி இன்னும் நியாயமாகத்தான் நிற்கிறது.

கேள்வி: நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். கடலுக்கடியில் வெந்நீர் ஊற்றுகளில்தான் உயிர் தோன்றியது என்று ஒரு டாக்குமென்டரியில் பார்த்தேன். இன்னொன்றில் நிலத்துக் குட்டை என்கிறார்கள். எது?
– தூத்துக்குடி வாசகர்

இன்று மிகவும் சூடாக நடக்கும் சண்டை இதுதான் சார்.

1977-இல் ஆல்வின் நீர்மூழ்கி கலாபகஸ் அருகே இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டது, வெளிச்சமே எட்டாத இடத்தில் அவற்றைச் சுற்றி உயிர்கள் கூட்டம் கூட்டமாக வாழ்ந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கரும்புகை கக்கும் ஊற்றுகள் கிடைத்தன, வெப்பம் 350 டிகிரிக்கும் மேல். அவ்வளவு வெப்பத்தில் அமினோ அமிலம் உருவாவதைவிடச் சிதைவதுதான் அதிகம் என்று மில்லரே எதிர்த்தார். மைக்கேல் ரசல் என்ற புவியியலாளர், இதைவிடச் சூடு குறைந்த, காரத்தன்மையுள்ள ஊற்றுகள் இருக்க வேண்டும், அங்கேதான் தேட வேண்டும் என்றார். 2000 டிசம்பரில் அட்லாண்டிக் நடுவே அப்படிப்பட்டதே கிடைத்தது. லாஸ்ட் சிட்டி என்று பெயர் வைத்தார்கள். வெள்ளைச் சுண்ணாம்புக் கோபுரங்கள், உயரமானது 60 மீட்டர், தண்ணீரின் வெப்பம் 40 முதல் 90 டிகிரி. கடல்நீர் பாறையோடு வினைபுரிந்து அங்கே ஹைட்ரஜனை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது.

நீங்கள் இன்ஜினியர் என்பதால் இந்தக் கொள்கையின் உயிர்நாடி உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். நம் ஒவ்வொரு செல்லும் ஒரு சவ்வின் ஒரு பக்கம் புரோட்டான்களைத் தேக்கிவைத்து, அவை மறுபக்கம் பாயும் வேகத்தில் ஆற்றலை எடுக்கிறது, மேட்டூரில் தண்ணீரைத் தேக்கி டர்பைனைச் சுற்றுவதுபோல. பீட்டர் மிட்செல் இதைச் சொல்லித்தான் 1978-இல் நோபல் வாங்கினார். எல்லா உயிர்களிலும் இது இருப்பதால் மிகப் பழைய ஏற்பாடாக இருக்க வேண்டும். அந்தக் காலக் கடலில் கார்பன் டை ஆக்சைடு கரைந்து லேசான அமிலமாக இருந்தது, ஊற்று நீர் காரம், நடுவில் துளைத்துளையான மெல்லிய தாதுச் சுவர். செல்லே இல்லாமல் அந்தத் தேக்கம் இயற்கையிலேயே அங்கே இருந்திருக்கிறது என்கிறார்கள் நிக் லேனும் வில்லியம் மார்ட்டினும். அழகான வாதம்.

இருந்தாலும் என் மனம் நிலத்துப் பக்கம்தான் சாய்கிறது. காரணம் எளிது. அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்கவும், ஆர்என்ஏ-வின் எழுத்துகளைக் கோத்துச் சங்கிலியாக்கவும், ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் கடலாக இருந்தால் அது எங்கே வெளியேறும்? எரிமலைப் பக்கத்து வெந்நீர்க் குட்டை காயும், மழையில் நிறையும், மறுபடி காயும். காயும்போது சங்கிலி நீளும். டேவிட் டீமர் இதைத்தான் பல ஆண்டுகளாகச் சோதித்துக் காட்டுகிறார், மர்ச்சிசன் விண்கல்லிலிருந்து எடுத்த பொருள்களே தண்ணீரில் சின்னச் சின்னச் சவ்வுக் குமிழ்களாகச் சேர்வதையும் அவர்தான் காட்டினார். எளிய கொழுப்பு அமிலக் குமிழ்கள் கடலின் உப்பில் உடைந்துவிடுகின்றன, குட்டையின் நன்னீரில் நிலைக்கின்றன என்பதும் நிலத்துக்குச் சாதகம்தான். 2019-இல் லேனின் குழு, பல வகைக் கொழுப்புகளைக் கலந்தால் 70 டிகிரி காரக் கடல்நீரிலும் குமிழ் நிற்கும் என்று காட்டிவிட்டது. சண்டை தொடர்கிறது.

கேள்வி: 100 அமினோ அமிலங்கள் சரியான வரிசையில் தற்செயலாக அமைய 20-இன் 100-ஆம் அடுக்கில் ஒரு வாய்ப்புதான். இது நடக்கவே முடியாதது இல்லையா?
– கணினித் துறை ஊழியர், சென்னை

கணக்கு சரி. கேள்விக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு அனுமானங்கள்தான் சரியில்லை. ஒரே ஒரு வரிசைதான் வேலை செய்யும் என்பது ஒன்று, எல்லாம் ஒரே வீச்சில் அமைய வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

1993-இல் டேவிட் பார்ட்டலும் ஜாக் ஷோஸ்டாக்கும் சுமார் 10 கோடி கோடி ஆர்என்ஏ மூலக்கூறுகளைக் கண்டபடி வரிசையில் உருவாக்கினார்கள். கேட்கவே பெரிதாக இருக்கிறது, ஆனால் அது ஒரு சோதனைக்குழாய்க்குள் அடங்கிவிடும். அதற்குள் இரண்டு ஆர்என்ஏ துண்டுகளை ஒட்டவைக்கக்கூடியவை ஏதாவது இருக்கிறதா என்று தேடினால் பல இருந்தன. அவற்றைத் தேர்ந்தெடுத்து, லேசான பிழைகளோடு படியெடுத்து, மறுபடி தேர்ந்தெடுத்து, பத்துச் சுற்று போனதும் வேகம் வினையூக்கி இல்லாத நிலையைவிட 70 லட்சம் மடங்கு கூடியிருந்தது. 2001-இல் ஷோஸ்டாக்கும் ஆந்தனி கீஃபும் 6 லட்சம் கோடி தற்செயல் புரதங்களில் தேடி, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் நான்கு குடும்பங்களைக் கண்டார்கள், அவர்கள் மதிப்பீட்டில் பத்தாயிரம் கோடியில் ஒன்று என்ற கணக்கு. 20-இன் 100-ஆம் அடுக்கு எங்கே, இது எங்கே! தற்செயல் முதல் அடியைத்தான் எடுத்துவைக்கிறது, பிறகு தேர்வு வேலையை எடுத்துக்கொள்கிறது.

கேள்வி: என் எட்டு வயது மகன் 'முதல் உயிருக்கு அம்மா யார்?' என்று கேட்கிறான். கடவுள் என்று சொல்லலாமா, அறிவியல் சொல்லலாமா? எது சொன்னாலும் பொய் சொன்னதுபோல ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– சேலம் வாசகி

இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி உங்கள் மகனுடையது சகோதரி. இதற்கு முன்னால் உயிர் இல்லை, இதற்குப் பின்னால் உயிர் என்று கோடு போட்ட மாதிரி ஒரு நாள் இருந்திருக்காது என்று அவனிடம் சொல்லுங்கள். தன்னைப் போலவே இன்னொன்றை அரைகுறையாக உண்டாக்கும் மூலக்கூறு, பிறகு கொஞ்சம் நன்றாக உண்டாக்கும் மூலக்கூறு, பிறகு ஒரு சவ்வுக்குள் பல மூலக்கூறுகள் என்று மெல்ல மெல்ல வந்திருக்கும். அதனால் 'முதல்' என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது. குழந்தைகளுக்கு இது புரியும், தாங்கள் எந்த நாளில் பெரியவர்களானோம் என்று அவர்களாலும் சொல்ல முடியாதே.

கடவுளைப் பற்றி உங்கள் வீட்டில் என்ன நம்புகிறீர்களோ அதை நான் தொட மாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். விஞ்ஞானிகளுக்கு இன்று தெரியாத இடத்தில் கடவுளை உட்காரவைத்து அவனுக்குச் சொல்லாதீர்கள். உயிருள்ள உடம்பின் பொருள்களை உயிர்ச்சக்தி இல்லாமல் உண்டாக்கவே முடியாது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், 1828-இல் வோலர் சிறுநீரில் இருக்கும் யூரியாவை உப்பிலிருந்து ஆய்வகத்திலேயே உண்டாக்கிவிட்டார். அவன் வளர்ந்து இப்படி ஓர் இடைவெளி அடைபடுவதைப் பார்க்கும்போது, அவன் நம்பிக்கையும் அம்மா சொன்ன வார்த்தையும் சேர்ந்து ஆட்டம் காணக் கூடாது.

கேள்வி: ஆய்வகத்தில் உயிரை உண்டாக்கிவிட்டார்களா, இல்லையா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

இல்லை. 2010-இல் கிரெய்க் வென்டரின் குழு ஒரு பாக்டீரியாவின் மரபணுத்தொகுதி முழுவதையும் இரசாயனத்திலிருந்து கட்டி, ஏற்கெனவே உயிரோடிருந்த இன்னொரு பாக்டீரியாவின் செல்லுக்குள் வைத்து இயக்கினார்கள். 2016-இல் அதையே 473 மரபணுக்களாகக் குறைத்தார்கள், அவற்றில் 149 என்ன வேலை செய்கின்றன என்றே அப்போது தெரியவில்லை. பெரிய சாதனைதான், ஆனால் செல் கடன் வாங்கியது.

வெறும் இரசாயனத்திலிருந்து தொடங்குகிறவர்கள் வேறு பாதையில் போகிறார்கள். கொழுப்பு அமிலக் குமிழ்கள் தாமாகவே வளர்வதையும் பிரிவதையும் ஷோஸ்டாக்கின் ஆய்வகம் காட்டிவிட்டது. சாதாரணக் களிமண் அந்தக் குமிழ்கள் உருவாவதை வேகப்படுத்துகிறது, தன்மீது ஒட்டிய ஆர்என்ஏ-வையும் உள்ளே கொண்டுபோகிறது. ஆனால் உள்ளே ஆர்என்ஏ-வைப் படியெடுக்க மக்னீசியம் வேண்டும், மக்னீசியம் பட்டால் குமிழ் உடைந்துவிடும். 2013-இல் சிட்ரேட் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து பிழைக்கும் என்று கண்டார்கள். ஆரம்பகாலப் பூமியில் அவ்வளவு சிட்ரேட் எங்கிருந்து வந்திருக்கும் என்பது அடுத்த கேள்வி. நொதி எதுவும் இல்லாமல் ஒரு நீளமான ஆர்என்ஏ-வைச் சுற்றுச் சுற்றாகப் படியெடுப்பதுதான் இன்னும் கைகூடாமல் நிற்கும் பெரிய படி. உங்களுக்கு வேதியியலில் ஆர்வம் இருந்தால், தம்பி, இந்தத் துறையில் செய்ய வேண்டிய வேலை நிறைய மிச்சமிருக்கிறது.

கேள்வி: வேறு கிரகத்தில் உயிர் கிடைத்தால் அது நம்மோடு உறவா, தனியாகத் தோன்றியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?
– அதே மாணவர்

சனியின் நிலவான என்செலடஸ் தன் பனிக்கடியில் உள்ள கடலிலிருந்து நீரை விண்வெளியில் பீய்ச்சிக்கொண்டிருக்கிறது. அதில் ஹைட்ரஜன் இருப்பதை 2017-லும் பாஸ்பேட் இருப்பதை 2023-லும் கசினி விண்கலத்தின் தரவுகள் காட்டின. வியாழனின் நிலவான யூரோப்பாவுக்கு 2024 அக்டோபரில் ஒரு விண்கலம் கிளம்பியிருக்கிறது, 2030-இல் போய்ச்சேரும். அது இறங்காது, பக்கத்தில் பறந்து பறந்து, அங்கே உயிர் வாழ வழி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். என்றாவது இப்படி ஓர் இடத்தின் நீர் ஆய்வகத்துக்கு வந்து, அதில் உயிரும் இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது முன்னே சொன்ன அமினோ அமிலங்களின் கைவடிவத்தைத்தான். இரண்டும் சமமாக இருந்தால் அவை விண்கல்லில் உள்ளதுபோன்ற வெறும் வேதியியலாக இருக்கலாம். இடக்கை மட்டும் இருந்தால் நம் உறவாகவும் இருக்கலாம், தனியாகவும் இருக்கலாம், மரபணுக் குறியீட்டை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். வலக்கை மட்டும் இருந்தால் அது நம் வழியில் வந்ததே இல்லை, அங்கே தனியாகத் தோன்றியது.